புது டர்ன்டேபிள், புது ஃபோனோ ஸ்டேஜ், அதே ஹம்

விலை கூடக் கூட டர்ன்டேபிளில், அதாவது ரெக்கார்டு பிளேயரில், சௌகரியம் குறைந்துகொண்டே போகும். ஆரம்ப நிலை மாடலில் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் துண்டு) பூட்டியே வரும், ஃபோனோ ஸ்டேஜ் (அந்தச் சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் பகுதி) உள்ளேயே இருக்கும், பெட்டியைப் பிரித்து வயரைச் செருகினால் பாட்டு வந்துவிடும். உயர்ரகம் என்று போனால் பிளேட்டர் (ரெக்கார்டு உட்காரும் சுழல்தட்டு) தனி, மோட்டார் தனி, மோட்டாருக்குப் பவர் சப்ளை தனிப் பெட்டி, டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) தனி, கார்ட்ரிட்ஜ் தனி, ஃபோனோ ஸ்டேஜ் தனி. எல்லாவற்றையும் நாம்தான் கோத்துச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் திருகிப் பார்க்க ஏதாவது ஒன்றை வைத்திருப்பார்கள். அதனால் சத்தம் சரியில்லை, அல்லது ஹம் (விடாமல் கேட்கும் 'ம்ம்ம்' இரைச்சல்) வருகிறது என்றால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. பலரும் உடனே கார்ட்ரிட்ஜை மாற்றுகிறார்கள், அப்புறம் கேபிள், கடைசியில் ஃபோனோ ஸ்டேஜையே விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிறார்கள். என் கட்சி வேறு: கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்வரை பர்ஸைத் திறக்கக் கூடாது.

என்னிடம் இருப்பது பெல்ட் டிரைவ், சஸ்பென்ஷன் கிடையாது, கனமான பிளேட்டர், 9 அங்குல ஆர்ம். கார்ட்ரிட்ஜ் டெனான் டிஎல்-103. ஜப்பான் வானொலி நிறுவனமான என்எச்கேயின் ஒலிபரப்புத் தேவைக்காக 1962இல் வந்தது, இன்னமும் தயாரிக்கிறார்கள். இவ்வளவு நல்ல டர்ன்டேபிளில் இத்தனை பழைய டிசைனா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபோனோ ஸ்டேஜில் எம்எம் (மூவிங் மேக்னட்), எம்சி (மூவிங் காயில்) என்ற இரண்டு வகைக் கார்ட்ரிட்ஜுக்கும் இடம் உண்டு, என் டெனான் எம்சி வகை, அடியில் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள். கூடவே எம்சியின் சின்னச் சிக்னலை உயர்த்த ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிறது. இந்தக் கதையில் அதிகம் தொல்லை கொடுத்தது அதுதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மட்டம் பார்ப்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரசமட்டத்தை டர்ன்டேபிளின் அடிப்பலகையில் வைக்காதீர்கள், பிளேட்டர் மேல் வையுங்கள். ஒரு திசையில் பார்த்துவிட்டு, பிளேட்டர் அசையாமல் மட்டத்தை மட்டும் 180 பாகை திருப்பி மறுபடி பாருங்கள். குமிழி அறையின் அதே பக்கம் நின்றால் பிளேட்டர் சாய்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் போனால் உங்கள் ரசமட்டமே சரியில்லை. மேசையைப் பொறுத்தவரை, நடந்தால் ஊசி குதிக்கிறதா என்பதுதான் பரீட்சை. குதித்தால் அதற்கு மருந்து சுவரில் அடித்த கனமான பலகை, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாத சுவராக இருந்தால் இன்னும் நல்லது.

வேகத்தைக் காதால் கணிக்க முடியாது, குறைந்தபட்சம் என்னால் முடியாது. ஸ்ட்ரோப் தட்டில் 50 ஹெர்ட்ஸ் விளக்குக்கு 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடுகள் இருக்கும். விளக்கு ஒரு நொடிக்கு இரண்டு மடங்கு தடவை மினுக்குகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 6000 தடவை, அதை 33⅓ஆல் வகுத்தால் 180. கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. ஒன்று கவனியுங்கள், நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி விளக்குகள் மினுக்குவதே இல்லை, அதன் கீழே எந்தக் கோடும் நிற்காது, அதைப் பார்த்து மோட்டாரைக் குறை சொல்லிவிடாதீர்கள். சோதனை ரெக்கார்டில் 3150 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு போனில் அதிர்வெண்ணை அளப்பது இன்னும் நல்ல வழி. வேகம் மட்டுமல்லாமல் அது எவ்வளவு ஆடுகிறது என்பதும் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ஏறி இறங்கினால் பெரும்பாலும் ரெக்கார்டின் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம், டர்ன்டேபிள் பாவம். அதைவிட வேகமாகப் படபடத்தால்தான் பெல்ட், புல்லி, மோட்டார் என்று பார்க்க வேண்டும். பெல்ட்டையும் புல்லியையும் துடைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் ஜாதகம் பொருந்துகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கார்ட்ரிட்ஜின் கேன்டிலீவர் (ஊசி ஒட்டியிருக்கும் மெல்லிய தண்டு) ஒரு ஸ்பிரிங், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தது ஒரு எடை, இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஒத்ததிர்வு உண்டு. ஆர்மின் செயல் நிறை (ஊசி அசையும்போது உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகாணிகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (கேன்டிலீவர் எவ்வளவு எளிதாக வளைகிறது என்ற எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் ரெக்கார்டின் நெளிவுகள் அதைத் தூண்டும், மேலே போனால் இசையின் அடிச்சுரங்களில் கை வைக்கும். என் ஆர்ம் 12 கிராம், டிஎல்-103 எட்டரை கிராம், திருகாணி ஒரு கிராம் என்று வைத்தால் இருபத்தொன்றரை. டெனான் சொல்லும் கம்ப்ளையன்ஸ் 5, ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜுகளில் இது வழக்கம். இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் மதிப்பு, அது தோராயமாக ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. 9 என்று எடுத்தால் பதினொன்றரை ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. பரவாயில்லை, வரம்புக்குள்தான். இதே ஆர்மில் கம்ப்ளையன்ஸ் 30 உள்ள மென்மையான எம்எம் கார்ட்ரிட்ஜைப் பூட்டினால் ஆறு ஹெர்ட்ஸ் சொச்சம். அப்போது ரெக்கார்டு கொஞ்சம் நெளிந்திருந்தாலும் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) கோன் முன்னும் பின்னும் தள்ளாட ஆரம்பிக்கும், ஆம்ப்ளிஃபயரின் சக்தி காதுக்குக் கேட்காத ஒன்றில் வீணாகும். ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இனி அலைன்மென்ட், அதாவது ஊசியைப் பள்ளத்துக்கு நேராக வைப்பது. பொறுமை வேண்டும். ரெக்கார்டை வெட்டிய இயந்திரத்தின் தலை நேர்கோட்டில் நகர்ந்தது, நம் ஆர்மோ ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு வில்லாக நகர்கிறது. அதனால் ரெக்கார்டு முழுக்க ஊசி பள்ளத்துக்குச் சரியான கோணத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. சரியாக இருக்கக்கூடியது இரண்டே இடங்களில். அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. 1938இல் லோஃப்கிரென் கணக்குப் போட்டார், 1941இல் பேர்வால்ட் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்பது அவர்கள் வைத்த புள்ளிகள். ஸ்டீவன்சன் 1966இல் உள்புள்ளியை இன்னும் உள்ளே தள்ளி 60.3 மி.மீ.க்குக் கொண்டுபோனார், கடைசிப் பாட்டில் பிசிறு குறையட்டும் என்று. அதற்கு விலையாக நடுப்பகுதியில் பிழை கூடும். பல ஜப்பானிய ஆர்ம்கள் இதை ஒட்டி வடிவமைக்கப்பட்டவை. எது சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். உங்கள் ஆர்ம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை முதலில் துல்லியமாக வையுங்கள் என்பேன் நான். சுமாராக வைத்த பேர்வால்டைவிடத் துல்லியமாக வைத்த ஸ்டீவன்சன் மேல்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: ப்ரோட்ராக்டரின் (அந்த இரண்டு புள்ளிகளைக் குறித்த அட்டை) கோடுகளோடு கார்ட்ரிட்ஜின் பெட்டியைச் சேர்த்துப் பார்க்காதீர்கள், கேன்டிலீவரைச் சேர்த்துப் பாருங்கள். பெட்டி நேராக இருந்து கேன்டிலீவர் லேசாகக் கோணியிருப்பது விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜுகளிலும் உண்டு. பூதக்கண்ணாடி, நல்ல விளக்கு இரண்டும் வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேர் எதிரே இருந்து பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் பொய் சொல்லும். திருகாணிகளைக் கடைசியாக முறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் ஒரு துளி திரும்பிவிடும், ஆகவே முறுக்கியபின் மறுபடி பாருங்கள். ஊசி உறையைக் கழற்றிவிட்டுத் திருகாணி தேடுவது, சட்டையின் கைநுனி ஆர்மில் மாட்டுவது, இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் இழுத்துக் கேன்டிலீவர் மேல் போடுவது, இதெல்லாம் நடக்கும் விஷயங்கள்தான். காந்தமாகாத ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவையுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உள்பள்ளங்கள். 33⅓இல் சுழலும் ரெக்கார்டில் வெளியோரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே கடைசிப் பாட்டின் முடிவில் 21 செ.மீ.தான். அதே ஒரு நொடி இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்திருக்கிறார்கள். அங்கே சிறு கோணப் பிழைகூட 'ஸ' எழுத்துகளில் எச்சில் தெறிப்பது போலக் கேட்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அலைன்மென்டைக் குறை சொல்லவும் முடியாது. டிஎல்-103 போல உருண்டை முனை ஊசி அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் முழுதாக இறங்க முடியாது, அது வடிவியல். பழைய ரெக்கார்டாக இருந்து முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் உழுதிருந்தால் அதையும் எந்த ப்ரோட்ராக்டராலும் திருத்த முடியாது. ஆகவே பிசிறு கேட்டால் நன்றாகத் தெரிந்த, புதிதாக வாங்கிய ஒரு ரெக்கார்டில் சோதியுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் பிசிறினால் ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்மை வெளிப்பக்கம் இழுக்கும் சிறு விசை) போதவில்லை என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் ஆர்மை உள்ளே இழுக்கும் விசை ஊசியை இடது சேனல் இருக்கும் உட்சுவரில் அழுத்தி வெளிச்சுவரைக் கைவிடச் செய்கிறது. இரண்டிலும் பிசிறினால் ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை குறைவு, அல்லது ஊசியில் அழுக்கு.

எடையைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில்தான் வைப்பேன். எடை குறைந்தால் ரெக்கார்டு தேயாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் எடை போதாமல் பள்ளச் சுவரை விட்டு எகிறி மறுபடி மோதும் ஊசிதான் ரெக்கார்டை நாசம் செய்கிறது. டிஎல்-103க்கு இரண்டரை கிராம். அதை ஆர்மின் எடைக்கட்டி எண்ணை நம்பி வைக்காமல் டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். தராசின் தட்டு ரெக்கார்டின் உயரத்தில் இருக்க வேண்டும், இரும்பில்லாமலும் இருக்க வேண்டும். மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுகளில் காந்தம் வலுவானது, மலிவான தராசின் தட்டை அதுவே இழுத்துத் தப்பான எண்ணைக் காட்டும்.

ஆர்மின் உயரம் பற்றி எக்கச்சக்கமாக எழுதியிருக்கிறார்கள், ரெக்கார்டின் தடிமனுக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் மாற்றுபவர்களும் உண்டு. 230 மி.மீ. நீள ஆர்மில் பின்பக்கத்தை ஒரு மி.மீ. ஏற்றினால் ஊசியின் கோணம் கால் பாகைதான் மாறும். ஒரு பாகை மாற்ற நாலு மி.மீ. வேண்டும். கூர்மையான, நீண்ட விளிம்புள்ள ஊசிகளுக்கு இது கேட்கலாம். உருண்டை முனைக்கு ஆர்ம் ரெக்கார்டுக்கு இணையாக இருந்தால் போதும், அதற்குமேல் நேரம் செலவழிப்பது உங்கள் விருப்பம். அசிமுத் அப்படியில்லை. முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசி இடவலமாகச் சாய்ந்திருந்தால் ஒரு சேனல் மற்றதில் கசியும், யார் எங்கே நின்று பாடுகிறார் என்ற மேடைப் படம் குழம்பும். ஊசியை ஒரு சின்னக் கண்ணாடியில் இறக்கி, ஊசியும் பிம்பமும் ஒரே கோடாக வருகிறதா என்று பார்ப்பது முதல் படி. சோதனை ரெக்கார்டில் ஒரு சேனல் மட்டும் ஒலிக்கும் தடத்தை ஓட்டி, மற்ற சேனலில் எவ்வளவு கசிகிறது என்று ஃபோனோ ஸ்டேஜுக்கு வெளியே வோல்ட்மீட்டரில் அளந்து, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகும்வரை திருப்புவது அடுத்த படி.

சரி, ஃபோனோ ஸ்டேஜ். அது செய்வது இரண்டு வேலை. ஒன்று, மில்லிவோல்ட்டை வோல்ட் ஆக்குவது. இன்னொன்று, ரெக்கார்டு வெட்டும்போது செய்த தில்லுமுல்லை நேராக்குவது. அடிச்சுரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டுக்கு மேல் கொள்ளாது, அதனால் அவற்றைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954இல் அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ வளைவின்படி 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூடுதல். ஃபோனோ ஸ்டேஜ் அதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆகவே சத்தம் மெல்லியதாக, பேஸே இல்லாமல், கரகரவென்று வந்தால் சிக்னல் எங்கேயோ ஃபோனோ ஸ்டேஜைத் தாண்டி நேராகப் போகிறது. மாறாக எல்லாம் கம்மிப்போய், பேஸ் ததும்பி, சேறு போலக் கேட்டால் இரண்டு ஃபோனோ ஸ்டேஜ் வழியாகப் போகிறது, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ சாக்கெட்டில் தனி ஃபோனோ ஸ்டேஜைச் செருகியிருப்பார்கள். இந்த இரண்டையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

பெருக்கத்தைப் பற்றிய கணக்கும் எளிது. எம்எம் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும், அதற்கு 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு. டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். நூறு மடங்கில் அது வெறும் 30 மில்லிவோல்ட், வால்யூமை எவ்வளவு திருகினாலும் போதாது, கூடவே இரைச்சல் ஏறும். அதற்கு 60 டெசிபெல்லாவது வேண்டும். மாறாக 5 மில்லிவோல்ட் எம்எம் கார்ட்ரிட்ஜை 66 டெசிபெல் எம்சி அமைப்பில் போட்டால் கணக்குப்படி 10 வோல்ட், இசையின் உச்சங்களில் இன்னும் மேலே, நிறைய ஃபோனோ ஸ்டேஜ்கள் அங்கே முட்டி நசுங்கிவிடும். சத்தமான இடங்களில் மட்டும் கரகரப்பு என்றால் ஊசி, அலைன்மென்ட் என்று தேடுவதற்கு முன் இந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

லோடிங்கில், அதாவது கார்ட்ரிட்ஜின் மேல் விழும் மின்பாரத்தில், எம்எம்முக்கும் எம்சிக்கும் கதை வேறு. எம்எம் காயில் பெரியது, இன்டக்டன்ஸ் அதிகம். கேபிளின் கபாசிட்டன்ஸோடு சேர்ந்து அது கேட்கும் எல்லைக்குள்ளேயே ஒத்ததிரும். 500 மில்லிஹென்றி காயிலும் மொத்தம் 250 பிகோஃபாரடும் சேர்ந்தால் 14 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். கேபிள் நீளமானால் அது இன்னும் கீழே இறங்கும், ஒரு மேடு எழும்பி அதற்குமேல் சடாரென்று விழும். கார்ட்ரிட்ஜ் கூர்மையாக, காதைக் குத்துவது போல இருக்கிறது என்று புகார் சொல்பவர்கள் ஆர்மின் வயர், கேபிள், ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு மூன்றின் பிகோஃபாரடையும் கூட்டிப் பார்த்ததே இல்லை என்பது என் அனுபவம். எம்சியில் இன்டக்டன்ஸ் மிகக் குறைவு, கபாசிட்டன்ஸ் பெரிதாகப் பொருட்டில்லை, மின்தடைதான் தேர்ந்தெடுக்க வேண்டியது. காயிலின் தடையைப்போல் பத்து மடங்கு என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். டிஎல்-103க்கு 40 ஓம், ஆகவே 400 பக்கம். குறைத்தால் இருண்டு அடங்கும், கூட்டினால் பளிச்சென்று திறக்கும், பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஃபோனோ ஸ்டேஜை எம்எம் அமைப்பில் வைக்க வேண்டும். 1:10 விகிதம் என்றால் சிக்னல் பத்து மடங்காகும், ஆனால் 47 கிலோஓம் உள்ளீடு கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு நூறில் ஒன்றாக, 470 ஓமாகத் தெரியும். 1:20 என்றால் நானூறில் ஒன்று, சுமார் 117 ஓம், 40 ஓம் காயிலுக்கு அது பாரம், எதிர்பார்த்த 6 மில்லிவோல்ட்டில் கால்வாசி அங்கேயே போய்விடும். விகிதம் பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். ஸ்டெப்-அப்பையும் எம்சி உள்ளீட்டையும் சேர்த்துப் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். 100 ஓம் உள்ளீடு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு ஓமாகத் தெரியும், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரில் உயிரே இல்லை என்பார்கள்.

இப்போது ஹம். புது டர்ன்டேபிளும் புது ஃபோனோ ஸ்டேஜும் வந்து எல்லாம் கூடிய பிறகும் பழைய செட்டில் இருந்த அதே 'ம்ம்ம்' இருந்தது. கேபிள் மாற்றச் சொன்னார்கள், மின்சாரச் சுத்திகரிப்பான் வாங்கச் சொன்னார்கள். நான் பின்னாலிருந்து முன்னால் வந்தேன். ஆம்ப்ளிஃபயரை வேறு உள்ளீட்டுக்குத் திருப்பி அதே வால்யூமில் வைத்தேன்: அமைதி. ஆக ஆம்ப்ளிஃபயரில் இல்லை. வால்யூமை முழுதாக இறக்கிவிட்டு, ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீட்டில் ஸ்டெப்-அப்பிலிருந்து வரும் கேபிளை எடுத்துவிட்டு ஷார்ட்டிங் பிளக் (உள்ளீட்டின் இரு முனைகளையும் இணைத்து மூடும் செருகி) போட்டு, பிறகு மெல்ல ஏற்றினேன். வெறுமனே திறந்துவிடக் கூடாது, திறந்த ஃபோனோ உள்ளீடு ஆன்டெனா மாதிரி எல்லாவற்றையும் பிடிக்கும், தப்பான பதில் கிடைக்கும். ஷார்ட்டிங் பிளக்கோடும் அமைதி, லேசான 'ஸ்ஸ்' மட்டும். ஆக ஃபோனோ ஸ்டேஜிலும் இல்லை. மிச்சம் இருப்பது ஸ்டெப்-அப், கேபிள், ஆர்ம், கார்ட்ரிட்ஜ், மோட்டார். ஒரு பைசா செலவில்லாமல் பாதி செட் விடுதலை.

அடுத்து கிரவுண்ட் வயர். அதைக் கழற்றினால் ஹம் கூடினால் வயர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றினால் குறைந்தால் எங்கேயோ இரண்டு வழியில் கிரவுண்ட் போய்ச் சுற்று உண்டாகியிருக்கிறது. ரேகா நிறுவனத்தின் ஆர்ம்களில் தனிக் கிரவுண்ட் வயரே கிடையாது, இடது சேனலின் உறை வழியாகப் போகும், அதில் இன்னொரு வயரைச் சேர்த்து ஒட்டினால் தேவையில்லாத சுற்று வரும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: ஹம்மைத் துரத்துகிறேன் என்று சுவர் பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். ஹம் நிற்கவும் செய்யும். உள்ளே ஏதாவது ஒரு வயர் விட்டுப்போய்ப் பெட்டியைத் தொட்டால் அதற்குப்பின் தொடுகிற கை உங்களுடையது. வேண்டவே வேண்டாம்.

எனக்கு வயரைக் கழற்றினால் ஹம் கூடியது. சரி, அது வேலை செய்கிறது. மோட்டாரை நிறுத்தினேன், மாற்றமில்லை. ஊசியைத் தூக்கியபடியே ஆர்மை வெளியிலிருந்து மையம்வரை மெல்ல நகர்த்தினேன், மாற்றமில்லை. அதில் கூடிக்குறைந்தால் மோட்டாரின் அல்லது பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது. பிறகு ஸ்டெப்-அப் பெட்டியைக் கையில் எடுத்து அப்படியே 90 பாகை திருப்பினேன், ஹம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. அலமாரியில் அதற்கு நேர் கீழ்த்தட்டில்தான் டர்ன்டேபிளின் பவர் சப்ளை, உள்ளே சாதாரண டிரான்ஸ்ஃபார்மர். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஊதியதை இன்னொன்று அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது. பழைய செட்டிலும் இந்த இரண்டு பெட்டிகளும் அதே தட்டுகளில் இருந்தவை, டர்ன்டேபிளும் ஃபோனோ ஸ்டேஜும்தான் மாறின, ஹம் இடம் மாறவே இல்லை. பவர் சப்ளையை மறுகோடிக்கு நகர்த்தினேன். தூரம் கொஞ்சம் கூடினாலே இந்தப் புலம் மிக வேகமாக விழுந்துவிடும், உலோகத் தகடு, சுத்திகரிப்பான் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஹம்மின் குரலையும் கவனியுங்கள். ஆழமான, மழமழப்பான 50 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் இப்படிக் காந்தப்புலத்தாலோ விட்டுப்போன கிரவுண்டாலோ வருவது. 100 ஹெர்ட்ஸும் அதன் மேல்சுரங்களும் கலந்த முரட்டு 'ர்ர்ர்' பவர் சப்ளையின் ரெக்டிஃபயர் பக்கமோ விளக்கின் டிம்மர் பக்கமோ தேடச் சொல்கிறது. டிக் டிக் என்று இடையிடையே வந்தால் போன், வைஃபை பெட்டி. இவை நூறு சதவீதம் பொருந்தும் விதிகள் இல்லை, எங்கே தொடங்குவது என்று சொல்லும்.

ஒரு சேனல் போய்ப்போய் வருவதும் இதே முறையில் பிடிபடும். ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீட்டில் இடது வலதை மாற்றிச் செருகுங்கள். கோளாறு மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் அது ஃபோனோ ஸ்டேஜுக்கு முன்னால் இருக்கிறது, தாவாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் அதற்குப் பின்னால். முன்னால் என்றால் முதல் சந்தேகம் கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நாலு குட்டி கிளிப்புகள்: இடதுக்கு வெள்ளையும் நீலமும், வலதுக்குச் சிவப்பும் பச்சையும். இவை தளர்வது சகஜம். கழற்றி, ஒரு மரப்பல்குச்சி நுனியை உள்ளே வைத்துக் கிளிப்பை மெல்ல அழுத்தி, பின்னோடு இறுக்கமாகச் சேரும்படி மாட்டுங்கள். வயரை இழுக்காதீர்கள், முடியைவிடச் சற்றே தடிமன்தான். வெள்ளையும் நீலமும் இடம் மாறியிருந்தால் சத்தம் இரண்டு பக்கமும் வரும், ஆனால் நடுவில் பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது, பேஸ் காணாமல் போயிருக்கும். மோனோ ரெக்கார்டு ஒன்றைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, எம்சி கார்ட்ரிட்ஜின் காயிலை மல்டிமீட்டரில் அளக்காதீர்கள். அந்த மெல்லிய காயிலுக்கு மீட்டர் செலுத்தும் மின்னோட்டமே ஆபத்து.

இப்போது என் செட்டில் ஊசியைத் தூக்கிவைத்து, வழக்கமாகக் கேட்கும் வால்யூமில், நாற்காலியிலிருந்து எதுவும் கேட்பதில்லை. ஸ்பீக்கருக்குள் காதை வைத்தால் கொஞ்சம் 'ஸ்ஸ்' உண்டு, அதைத் துரத்தப்போவதில்லை. நெளிந்த ரெக்கார்டுகளில் ஊஃபர் இன்னும் சற்று ஆடுகிறது. ஃபோனோ ஸ்டேஜின் சப்சோனிக் ஃபில்டரை (காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வுகளை வெட்டுவது) அந்த ரெக்கார்டுகளுக்கு மட்டும் போடுகிறேன், மற்ற நேரம் அணைத்தே இருக்கிறது. கடைசிப் பாட்டின் பிசிறு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது உருண்டை முனையின் வேலைதான் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் லைன் கான்டாக்ட் (நீண்ட விளிம்புள்ள) ஊசியுள்ள கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தருகிறேன் என்றிருக்கிறார். அது வந்தால் மேலே நான் அலட்சியமாகத் தாண்டிப்போன ஆர்ம் உயரத்தை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டெப்-அப் விகிதத்தையும் அதன் காயில் தடைக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும்.